இல்லாத நிலைப்படி

கவுனஸ் நகரில் முழங்கால்வரை பனி விழுந்த வாரம்
எங்கள் நாலுகால் இயந்திரம் நடக்கப் பழகியது.
தரையில் அல்ல.
கணினிக்குள், நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு உடல்களாக,
ஒரே ராத்திரிக்குள் பதினோரு வருஷம்
விழுந்து, எழுந்து, விழுந்து.

எடை நாங்கள் கொடுத்தது. உராய்வும்.
புவியீர்ப்பு ஒன்பது புள்ளி எட்டு ஒன்று:
அதுகூட ஒரு கோப்பின் மூன்றாம் வரியில்
வீதெனிஸ் தன் கையால் அடித்தது.

விடிந்ததும் அந்த மூளையை எடுத்து
இரும்புக் கால்களுக்கு ஏற்றி, கூடத்தில் இறக்கிவிட்டோம்.
நடந்தது.
ஈரம் வழுக்கிய இடத்தில் இடுப்பை ஒடித்துச் சமாளித்தது.
குறுக்கே உருட்டிவிட்ட ஆரஞ்சை மிதிக்காமல் போனது.
பிறகு கதவருகே,
ஒரு விரிப்பு முடிந்து மறு விரிப்பு தொடங்கும் கோட்டில்,
நின்றது.
இடது முன்னங்காலை உயரத் தூக்கி
ஒரு கணம் காற்றிலேயே வைத்திருந்து
எதுவுமே இல்லாத ஒன்றைத் தாண்டியது.

மறுபடி விட்டோம். மறுபடியும் அதே.
கோடு வரும் இடமெல்லாம் அப்படித்தான்.
சதுர ஓடு பதித்த தாழ்வாரத்தில்
கோயிலுக்குள் போவதுபோல் போனது,
அடிக்கு ஒரு மரியாதை.

"யார் சொல்லிக்கொடுத்தது இதற்கு?"
பற்றுக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள் அவுஷ்ரினே.
"எங்கள் வீட்டிலும் நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாய் நின்று
கை குலுக்க மாட்டோம். சண்டை வரும்."

இரண்டு நாள் தேடினேன்.
கணினியின் தரை ஒரே தரையாகத் தெரியும்.
உள்ளே அது முக்கோணங்களை ஒட்டுப்போட்டுத் தைத்த துணி.
தையல்மேல் பாதம் சறுக்கும்போது,
எப்போதாவது, பல்லாயிரம் அடிக்கு ஒரு தரம்,
கணக்குக்குப் புத்தி தடுமாறி
சமதரையில் ஒரு சுவர் முளைக்கும்.
கண்ணிமைக்கும் நேரம்தான். பல் உடைய அது போதும்.
பேய் மோதல் என்பார்கள் இந்தத் தொழிலில்,
சிரிக்காமல்.

விழுந்தவை விழுந்தன.
ஏனென்று தெரியாமலே காலைத் தூக்கியவை மிஞ்சின.
மிஞ்சியதற்குத்தான் கற்றல் என்று பேர் வைத்திருக்கிறோம்.

அது வளர்ந்த ஊரில் அந்தச் சுவர் மெய்.
ஊர்தான் இப்போது இல்லை.

அன்றிரவு பேருந்துக்குக் காத்திருந்தபோது
என் மாமா ரிம்கவுதாஸ் நினைவுக்கு வந்தார்.
பாலம் கட்டும் பொறியாளர்; பளு, வளைவு, காற்று
எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பவர்.
காலி வாளியோடு யாராவது எதிரே வந்தால்
மனிதர் தெருவையே மாற்றிவிடுவார்.
வீட்டுக்குள் விசிலடித்தால் முறைப்பார்.
எந்தத் தையலில் மாமா,
உங்களுடைய எத்தனையாவது பிரதி
யாரும் பார்க்காத எந்த ராத்திரியில் இடறி விழுந்தது?

பிழையைத் திருத்தினேன். இரண்டு வரிகள்.
இன்னொரு ராத்திரி, இன்னொரு பதினோரு வருஷம்.
வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்காரர்கள் பார்க்க வந்தார்கள்.
புதியது கோட்டைக் கண்டுகொள்ளாமல்
விறுவிறுவென்று நடந்து, மருந்துத் தட்டை மேசையில் வைத்தது.
கைதட்டினார்கள்.
எனக்கு மட்டும் அந்தக் கதவருகே
ஏதோ சொல்லாமல் விடுபட்டதுபோல் இருந்தது.

"பழைய கோப்பை அழித்துவிடவா?"
"இருக்கட்டும்."
"எதற்கு?"
"நாலு மெகாபைட்தானே. இருக்கட்டும்."

மதியம் கூரியர்காரர் வந்தார்.
தொப்பியின் பனியை உதறி, வாசலுக்கு வெளியே நின்றபடி
மோட்டார் பெட்டியை உள்ளே நீட்டினார்.
வாங்கப் போனவன் வீதெனிஸ்,
புவியீர்ப்பைத் தன் கையால் அடித்தவன்.
நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு
"இருங்கள், நானே வெளியே வருகிறேன்" என்று
வெறும் காலுறையோடு பனியில் இறங்கினான்.

இடது காலைத்தான் முதலில் எடுத்து வைத்தான்.
கொஞ்சம் அதிகமாகவே தூக்கி.